பூமர், 90ஸ் கிட்ஸ், ஜென் பீட்டா: தோட்டத்து ஊரில் இந்தப் பெயர்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன

2025 ஜனவரி முதல் பிறக்கும் குழந்தைகள் ‘ஜென் பீட்டா’ என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் அது ஒரு சுற்று வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டிக்‌ஷனரி.காம் தளம் ‘67’ என்ற எண்ணை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளிடம் கேட்டால், இரண்டு கைகளையும் மேலும் கீழும் ஆட்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். 35 வயதுக்காரரைப் பதினேழு வயதுப் பையன் ‘பூமர்’ என்கிறான். முதலாளிகள் புதிதாக வேலைக்கு வருகிறவர்களை ‘ஸ்ட்ராபெரி தலைமுறை’ என்கிறார்கள். 2030 வாக்கில் மலேசியர்களில் 100-க்கு 15 பேர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்றும் அடிக்கடி படிக்கிறோம்.

இந்தச் செய்திகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பு உண்டு. இளைஞர்களின் பேச்சு, முதியவர்களைப் பற்றிய கேலி, நம் தலைமுறை வயதானால் எப்படி இருக்கும் என்ற கற்பனை ஆகிய மூன்றும் பின்னிக்கொண்டவை. அவற்றை அடியிலிருந்து பிரித்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுகளுக்கு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் உருவான பெயர்கள் நம் ஊரில் எங்கே பொருந்தாமல் போகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

## பெயர்கள் எங்கிருந்து வந்தன

இப்போது அதிகம் புழங்கும் எல்லைகள், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பயன்படுத்தியவை:

1. பேபி பூமர்: 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள்.
2. ஜென் எக்ஸ்: 1965 முதல் 1980 வரை.
3. மில்லேனியல்: 1981 முதல் 1996 வரை.
4. ஜென் இசட்: 1997 முதல் 2012 வரை.

இதற்குப் பின் வரும் ‘ஆல்ஃபா’, ‘பீட்டா’ என்ற பெயர்களைப் பரப்பியவர் ஆஸ்திரேலியாவின் மார்க் மெக்கிரிண்டல். அவர் கணக்கில் ஆல்ஃபா 2010-இல் தொடங்கி 2024-இல் முடிகிறது, பீட்டா 2025-இல் தொடங்குகிறது. பியூவின் ஜென் இசட்டும் இவருடைய ஆல்ஃபாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். ஆளுக்கொரு கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவற்றில் முதல் பெயருக்கு மட்டும் உறுதியான அடிப்படை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கர்கள் குடும்பம் தொடங்கினார்கள், பிறப்பு எண்ணிக்கை சட்டென்று ஏறியது, 1964-க்குப் பிறகு இறங்கியது. மற்ற எல்லைகள் பெரும்பாலும் வசதிக்காகப் போட்டவை. 2021-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஃபிலிப் கோஹன், 150-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் கையெழுத்தோடு, இந்தப் பெயர்களை விட்டுவிடும்படி பியூ மையத்துக்குத் திறந்த மடல் எழுதினார். 2023-இல் அந்த மையமே இவற்றை இனிக் குறைவாகத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. பெயர்களைப் பரப்பிய நிறுவனமே தயங்க ஆரம்பித்த பிறகும் நாம் அவற்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் வேறு இரண்டு பெயர்கள் சேர்ந்துகொண்டன. ‘90ஸ் கிட்ஸ்’, ‘2கே கிட்ஸ்’ இரண்டும் தமிழ்நாட்டு மீம்களிலிருந்து இங்கு வந்தவை. 90ஸ் கிட்ஸ் என்றால் பழைய நினைவில் உருகுகிறவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர். 2கே கிட்ஸ் என்றால் எதையும் மதிக்காதவர். ‘பூமர் அங்கிள்’ என்பதோ பிறந்த ஆண்டையே விட்டுவிட்டது. கேட்காமலே புத்தி சொல்கிறவர், பெண்கள் உடுத்துவதைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், வயது 28 ஆனாலும், பூமர்தான். ஆக ஒரே சொல் ஒரு பக்கம் மக்கள்தொகைக் கணக்காகவும் இன்னொரு பக்கம் குணத்துக்கு வைத்த பெயராகவும் ஓடுகிறது. செய்தியில் ‘பூமர்களின் ஓய்வூதியம்’ என்று வரும்போதும், தம்பி ‘நீங்க பூமர்ண்ணே’ என்று சொல்லும்போதும் பேசப்படும் விஷயம் வேறு வேறு. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

## தலைமுறை என்றால் என்ன

1928-இல் சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் எழுதிய கட்டுரையில்தான் இதற்கு இன்றுவரை சொல்லப்படும் விளக்கம் இருக்கிறது. ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் ஒரு தலைமுறை உருவாகிவிடாது என்கிறார் அவர். மனசு உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ 17 வயதை ஒட்டி, ஒரே இடத்தில் ஒரே பெரிய மாற்றத்தை அனுபவித்தவர்கள்தாம் ஒரு தலைமுறை. அதே ஆண்டில் பிறந்து வேறு இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அனுபவம் இல்லையென்றால் அவர்கள் வேறு தலைமுறை.

இதைச் சுங்கை சிப்புட்டில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பூமர்களின் காலம் நிம்மதியும் வசதியும் பெருகிய காலம். இங்கே 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. அந்த ஆண்டுகளில் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்த குழந்தையைப் ‘பூமர்’ என்று அழைத்தால், பிறந்த ஆண்டு மட்டும் ஒத்துப்போகும், வேறெதுவும் ஒத்துப்போகாது.

நம் ஆட்கள் தலைமுறைக்குத் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். அவை எல்லாம் நடந்த சம்பவத்தை வைத்து அமைந்தவை. மன்ஹைமைப் படிக்காமலே அவர் சொன்ன வழியில் வைத்த பெயர்கள்.

ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பர் முதல் 1945 வரை. மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். சயாம்–பர்மா ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. ‘ஜப்பான்காரன் காலத்துல பொறந்தவ’ என்று ஒரு பாட்டி சொன்னால் பிறந்த தேதியைவிட அதிகமாகச் சொல்லிவிட்டார்.

எமர்ஜென்சி காலம். மேலே சொன்னது.

பெர்மிட் காலம். 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் போய் தம்பி இங்கே தங்கிய கதைகள் உண்டு. அப்போது 15 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 70 தாண்டிவிட்டது. கையில் ஒரு காகிதம் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் அவர்களிடம் இன்னும் இருக்கிறது. பிறப்புச் சூரா (பிறப்புச் சான்றிதழ்), சம்பளச் சீட்டு, பழைய பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் பூட்டி வைக்கும் தாத்தாவைப் பேரப்பிள்ளைகள் ‘பழைய ஆளு’ என்கிறார்கள். அவர் பூட்டி வைத்ததற்குச் சட்டப்பூர்வமான காரணம் இருந்தது.

தோட்டத்தை விட்டு வெளியான காலம். இதற்கு ஒரே தேதி கிடையாது. கித்தா (ரப்பர்) மரத்தை அழித்துச் செம்பனை நட்டது, நிலத்தை வீடமைப்புக்கு விற்றது, உள்ளூர்க்காரர்களுக்குப் பதில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தது என்று 1970-களிலிருந்து 2000-கள் வரை ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு ஆண்டில் நடந்தது. என் கணக்கில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் உண்மையான தலைமுறைக் கோடு இதுதான். 1978-இல் பிறந்து பத்து வயதிலேயே தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவரும், அதே ஆண்டில் பிறந்து 25 வயதுவரை லயத்தில் இருந்தவரும் ஒரே ‘ஜென் எக்ஸ்’ பெட்டிக்குள் அடங்க மாட்டார்கள். ஒருவருக்குப் பெரட்டு மணி, அதாவது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடும் மணி, காதில் இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை.

அதற்குப் பின்னும் கோடுகள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. 1988 முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை வாட்டிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. எத்தனை ‘ஏ’ எடுத்தாய் என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கும், அந்தக் கேள்வியே இல்லாமல் தமிழ்ப்பள்ளியை முடித்தவர்களுக்கும் இடையில் ஒரு கோடு. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய பிகேபி (கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு) காலத்தில் ஐந்தாம் படிவத்தில் இருந்து, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மை 2021-இல்தான் எழுத முடிந்தவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களையும் 2012-இல் பிறந்தவர்களையும் ‘ஜென் இசட்’ என்ற ஒரே பெயரில் போட்டால் ஒன்றும் புரியாது.

## வயதா, காலமா, தலைமுறையா

‘இந்தக் காலத்துப் பசங்க ஒரு வேலையில நிக்க மாட்றாங்க’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். உண்மையாகவே அப்படி நடந்தாலும், அதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம்.

1. வயது. இருபது வயதில் யாரும் வேலை மாறுவார்கள். இன்று திட்டுகிற மாமாவும் இருபதில் பால்வெட்டை விட்டு ஈப்போ ஃபேக்டரிக்கு ஓடியவராக இருக்கலாம். 40 ஆனால் இவர்களும் நிலைத்துவிடுவார்கள்.
2. காலம். இப்போது எல்லாருக்குமே வேலை நிலையில்லாமல் இருக்கிறது. ஒப்பந்த வேலை, ஆப் மூலம் கிடைக்கும் வேலை என்று மாறிவிட்டது. ஐம்பது வயதுக்காரரும் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்.
3. தலைமுறை. இந்த ஆண்டுகளில் பிறந்தவர்களிடம் மட்டும், அவர்கள் சாகும்வரை கூடவே வரும் ஒரு தன்மை.

‘2கே கிட்ஸ் இப்படித்தான்’ என்று சொல்கிறவர் மூன்றாவதைச் சொல்கிறார். ஆனால் ஒரே நாளில் எடுத்த கணக்கை வைத்து மூன்றையும் பிரிக்கவே முடியாது. காரணம் எளிய கணக்கு: இன்றைய ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும், அதனால் எது காரணம் என்று தனித்துச் சொல்ல வழியில்லை. ஓரளவாவது தெரிய வேண்டுமென்றால் இன்றைய இருபது வயதுக்காரரை, 1995-இல் இருபது வயதாக இருந்தவரோடு ஒப்பிட வேண்டும். இன்றைய ஐம்பது வயதுக்காரரோடு ஒப்பிடக் கூடாது. பியூ மையம் 2023-இல் மாற்றிக்கொண்ட முக்கியமான விஷயமும் இதுதான்.

சரி, அப்படியானால் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்’ என்று ஒவ்வொரு காலத்திலும் ஏன் தோன்றுகிறது? 2019-இல் ஜான் புரோட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. நிறைய வாசிக்கிறவர்கள்தாம் ‘பிள்ளைகள் வாசிப்பதில்லை’ என்று அதிகம் சொன்னார்கள். பெரியவர்களுக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள்தாம் ‘மரியாதை குறைந்துவிட்டது’ என்றார்கள். எதில் தாங்கள் சிறந்தவர்களோ அதில்தான் பிள்ளைகள் குறைந்துபோனதாகத் தெரிகிறது. இன்றைய தன்னை எடுத்து அன்றைய எல்லாப் பிள்ளைகள் மேலும் ஏற்றிவிடுகிறோம். வாசகசாலை வாத்தியார், தன் வகுப்பில் இருந்த நாற்பது பேரும் தன்னைப் போலவே புத்தகம் தூக்கிக்கொண்டு திரிந்ததாக நினைத்துக்கொள்கிறார்.

இன்னொரு காரணம் நினைவின் அமைப்பு. ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரை நடந்தவை, வயதான பிறகு மற்றக் காலத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் ‘எங்க காலத்துப் பாட்டு’ என்றால் அந்த இருபது ஆண்டுப் பாட்டுதான்.

## சொற்கள் எப்படி வயதாகின்றன

இளைஞர் பேச்சுக்கு வேலை இரண்டு. உள்ளே இருப்பவரை அடையாளம் காட்டுவது, வெளியே இருப்பவரை வெளியே நிறுத்துவது. அர்த்தமே இல்லாத ‘67’ பரவியதன் காரணம் இதுதான். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கோடு போட்டால் போதும், அர்த்தம் தேவையில்லை. பெரியவர்கள் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டதும் அது செத்துவிடுவதும் இதனால்தான். ஆக்ஸ்ஃபோர்ட் 2023-இல் ‘ரிஸ்’ என்பதை ஆண்டின் சொல்லாக்கியது. கேம்பிரிட்ஜ் அகராதி 2025-இல் ‘ஸ்கிபிடி’, ‘டெலுலு’ இரண்டையும் சேர்த்துக்கொண்டது. அகராதிக்குள் வந்த சொல்லை வைத்து அப்பாவிடமிருந்து எதையும் மறைக்க முடியாது.

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படிப் போய்விடுவதில்லை. மொழியியலில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று, அந்தந்த வயதுக்கு உரிய பேச்சு: பள்ளி முடிந்து வேலைக்குப் போனதும் தானாக உதிர்ந்துவிடும். இன்னொன்று, இளமையில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை வருவது. உச்சரிப்பும் வாக்கிய அமைப்பும் பெரும்பாலும் இரண்டாம் வகை. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1963-இல் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் வெவ்வேறு வயதினரின் உச்சரிப்பைப் பதிவு செய்து ஒப்பிட்டார். முதியவர் பேச்சைக் கேட்டால் அவர் இளமையில் இருந்த மொழி எப்படி இருந்தது என்று ஊகிக்கலாம் என்ற வழிமுறை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அந்த வழியில் சுங்கை சிப்புட் பசாரில் ஒரு காலைப் பொழுது காது கொடுத்தால் போதும். எழுபது வயதுக்காரர் ‘பசியாறிட்டியா’ என்று விசாரிப்பார், தூரத்தைக் கட்டையில் (மைலில்) சொல்வார், பணத்தை வெள்ளி என்பார். பெரட்டு, கிராணி, தண்டல், மங்கு, ஆயாக்கொட்டாய், தீம்பார் என்று அவர் பேச்சில் தோட்டம் முழுசாக இருக்கும். நாற்பது வயதுக்காரர் பேச்சில் ‘மொக்கை’, ‘கெத்து’, ‘வேற லெவல்’ வரும், நடுநடுவே மலாய் புகுந்து வெளியே வரும். அவர் மகள் ‘வைப்’, ‘கிரிஞ்ச்’ என்பாள். மூவரும் வெள்ளி, பசியாறு இரண்டையும் பயன்படுத்துவார்கள். தோட்டம் போனாலும் அந்த இரண்டும் போகவில்லை. பெரட்டு மட்டும் போய்விட்டது, ஏனென்றால் விடியற்காலையில் வரிசையில் நிற்கும் வழக்கமே இல்லை. ஒரு பேச்சு நிற்பதும் போவதும் அதைச் சொன்னவர்களின் குணத்தால் நடப்பதில்லை. அந்த வாழ்க்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

எழுத்திலும் இதே கோடுகள் உண்டு. ஊர்க் கோயில் திருவிழாக் குழுவின் வாட்ஸ்அப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவருக்கு 68 வயது. செயலாளர் தங்கச்சிக்கு 24. அவள் இரவு பதினொரு மணிக்கு அன்னதானக் கணக்கை வரிசையாகத் தட்டிப் போடுகிறாள்: அரிசி எத்தனை மூட்டை, எந்த உபயக்காரர் பாக்கி, கூடாரம் யார் பொறுப்பு. காலை ஐந்தரைக்குத் தலைவரின் பதில் வருகிறது. ‘சரி.’ அவ்வளவுதான், முற்றுப்புள்ளியோடு. அவளுக்கு முகம் சுருங்குகிறது. அவள் வயதுக்காரர்கள் யாரும் குறுஞ்செய்தியில் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. வைத்தால் கோபம் என்று அர்த்தம். ஒற்றைச் சொல் பதிலும் கோபம்தான். ‘தலைவர் மாமாவுக்கு என்ன மனத்தாங்கல்’ என்று தோழியிடம் கேட்கிறாள். அந்தப் பக்கம், தலைவர் பள்ளியில் கற்றபடி வாக்கியத்தை முடித்திருக்கிறார். விடியற்காலையில் எழுந்து முதல் வேலையாகப் படித்துப் பதில் போட்டதே அவர் கொடுத்த மரியாதை. பிறகு அவர் மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறார். அதை அவள் கேட்காமலே விடுகிறாள், அவள் பழக்கத்தில் குரல் பதிவு அடுத்தவர் நேரத்தை எடுப்பது. அவருக்கோ சின்ன எழுத்தைத் தட்டக் கண் ஒத்துழைக்கவில்லை. இருவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். இதற்கு ‘பூமர்’ என்றோ ‘திமிர்’ என்றோ பெயர் வைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடும், கூடாரத்துக்கு யார் பொறுப்பு என்பது அந்தரத்தில் நிற்கும்.

## முத்திரை குத்துவதன் விளைவு

வயதை வைத்து ஒருவரைக் குறைத்து மதிப்பிடுவதற்கு 1969-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் தனிப் பெயர் வைத்தார். தமிழில் வயதுப் பாகுபாடு எனலாம். இது இரு பக்கமும் வெட்டும். ‘ஸ்ட்ராபெரி தலைமுறை’ என்பது 1990-களில் தைவானில் புழங்கத் தொடங்கிய சொல். லேசாக அழுத்தினாலே நசுங்கிவிடும் இளைஞர்கள் என்று அர்த்தம். மலேசியாவில் அதை மலாய், சீனம், தமிழ் எல்லாவற்றிலும் கேட்கலாம். பிகேபி காலத்தில் ஃபேக்டரி ஷிப்டுக்குப் போனவனையும் அதே சொல்லால் அழைப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

முதியவர் மேல் குத்தும் முத்திரைக்கு இன்னொரு விசேஷம் இருக்கிறது. மற்ற முத்திரைகள் எப்போதும் வேறொரு கூட்டத்தின் மேல் விழுகின்றன. இது ஒன்றுதான், ஆயுசு கெட்டியாக இருந்தால், குத்தியவர் மேலேயே வந்து விழும். ‘வயசானா மூளை மழுங்கிடும், ஒன்னும் புதுசா ஏறாது’ என்று பதினைந்து வயதில் சிரித்துக்கொண்டே உள்வாங்கியது, அறுபதில் தன்னைப் பற்றிய நம்பிக்கையாக எழுந்து நிற்கும். யேல் பல்கலைக்கழக உளவியலாளர் பெக்கா லெவி 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயது தாண்டிய 660 பேரை 23 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த கணக்கு அது. முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள், மோசமாக நினைத்தவர்களைவிட நடுக்கணக்கில் 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். வயது, உடல்நிலை, தனிமை, வசதி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. நினைப்பு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வழி ஊகிக்கக்கூடியதுதான். ‘வயசுன்னா இப்படித்தான்’ என்று முட்டிவலியை விட்டுவிடுகிறவர் கிளினிக்குக்குப் போவதில்லை, நடப்பதை நிறுத்துகிறார், ஒரு வருடத்தில் படியிறங்க ஆள் தேவைப்படுகிறது.

## நம் தலைமுறைக்கு வயதானால்

2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000-க்கும் மேற்பட்டோரிடம், கடந்த பத்தாண்டில் எவ்வளவு மாறினீர்கள், வரும் பத்தாண்டில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்டார்கள். எல்லா வயதினரும் கடந்த காலத்தில் நிறைய மாறியதாகவும், இனி அவ்வளவாக மாற மாட்டோம் என்றும் சொன்னார்கள். இன்றைய தான்தான் முடிவான தான் என்ற எண்ணம் எந்த வயதிலும் போவதில்லை. அதனால் நம் முதுமையைக் கற்பனை செய்யும்போது இன்றைய நம்மை எடுத்து, தலைக்கு மட்டும் வெள்ளை அடித்துப் பார்க்கிறோம். 90ஸ் கிட்ஸ் தாத்தாக்கள் முதியோர் இல்லத்தில் கேம் விளையாடுவார்கள், பாட்டிகள் ‘வேற லெவல்’ என்பார்கள் என்ற மீம் எல்லாம் இந்த வகை. பாட்டிகள் ‘வேற லெவல்’ என்று சொல்லப்போவது உண்மைதான். 2065-இல் அது பசியாறு போல ஒரு பழைய, அன்பான சொல்லாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டி எந்த வீட்டில், யாரோடு, எந்தக் காசில் இருப்பார் என்பதை மீம் சொல்வதில்லை. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1985-இல் பிறந்தவர் 2045-இல் அறுபதைத் தொடுகிறார், 1995 என்றால் 2055, 2005 என்றால் 2065.

வீடு. லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். முந்திய தலைமுறையின் முதுமைப் பயமே அதுதான். அதற்கு வழி தேடித்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். இன்றைய நாற்பது வயதுக்காரரிடம் தாமானில் மலிவு விலை வீடாவது இருக்கலாம். ஆனால் லயத்தில் இருந்த ஒன்று அவரிடம் இல்லை: சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்டு, கஞ்சி காய்ச்சிக் கொண்டுவரும் பக்கத்து வீடு. சொத்தை எழுதிக் கொடுக்கலாம், அதை எழுதிக் கொடுக்க முடியாது.

பிள்ளைகள். 1970-இல் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 5 பிள்ளைகள். இப்போது 2-க்கும் கீழே. மலேசிய இந்தியர்களிடையே அதனினும் குறைவு. ஐந்து பிள்ளைகளில் நால்வர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனாலும் ஒருவர் ஊரில் இருப்பார். ஒற்றைப் பிள்ளை போனால் போனதுதான். ‘பெத்தவங்களப் பார்க்காத பிள்ளைங்க’ என்று 2055-இல் ஒரு முத்திரை தயாராக இருக்கும். அதைக் குத்துவதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

சேமிப்பு. தோட்டத்து வேலையில் சம்பளம் சொற்பம், ஆனால் மாதாமாதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடித்தம் உண்டு. ஓய்வுக்கு அடிப்படைத் தேவை என்று ஈபிஎஃப் 2019-இல் வைத்த இலக்கு, 55 வயதில் 240,000 ரிங்கிட். மாதம் ஆயிரம் என்று இருபது ஆண்டுக்குத் தாங்கும் தொகை. பிறகு அந்த இலக்கு உயர்த்தப்பட்டது. 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி உறுப்பினர்கள் 14,500 கோடி ரிங்கிட் எடுத்துவிட்டார்கள். வேலை இல்லாத மாதங்களில் அரிசி வாங்க எடுத்த பணம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. அப்புறம், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகளுக்கு, முதலாளி பங்கு என்று எதுவும் அந்தக் கணக்கில் தானாக ஏறுவதில்லை. 2005-இல் பிறந்தவர் 2065-இல் எப்படி இருப்பார் என்பதை அவர் பேசும் மொழியைவிட இந்த ஒரு வரி அதிகம் தீர்மானிக்கிறது.

2011-இல் ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், இளைஞர்களுக்கு அவர்களுடைய முகத்தையே முதுமையாக்கித் திரையில் காட்டினார். அதைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட ஓய்வுக்காலத்துக்கு அதிகம் ஒதுக்கினார்கள். தான் கிழவனாவதை உண்மையாகக் கண்ணில் பார்த்தவருக்குத்தான் அந்தக் கிழவன் வேற்றாளாகத் தெரிவதில்லை. சுங்கை சிப்புட்டில் அதற்குத் திரை தேவையில்லை, பசார் பக்கம் தினமும் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களிடம் 55 வயதில் எடுத்த ஈபிஎஃப் எத்தனை நாள் வந்தது என்று கேட்டாலே போதும்.

பிடித்தம் இல்லாமல் சொந்தமாகச் சம்பாதிப்பவர்களுக்கு இப்போது இருக்கும் வழி ‘ஐ-சாரான்’. சொந்தத் தொழில் செய்பவர், ஓட்டுநர், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர் என்று 60 வயதுக்குட்பட்டவர்கள் தாமாக ஈபிஎஃப்பில் போடலாம். 2025 முதல், போடும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்த்துத் தருகிறது, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை. முழு 500-ஐயும் பெற ஆண்டுக்கு 2,500 போட வேண்டும், அதாவது மாதம் 210-க்குச் சற்றுக் குறைவு. ஒரே தடவையில் போட வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதலில் ஐ-சாரானுக்கு என்று பதிந்துகொள்ள வேண்டும்; அதை ஈபிஎஃப் ஆப்பிலோ ஈபிஎஃப் கிளையிலோ செய்யலாம்.